ஸபாவின் இரு தோட்டங்கள்: நன்றி என்பது ஓர் உழைப்பு

திருக்குர்ஆனின் 34ஆவது அத்தியாயத்திற்கு ஒரு நாட்டின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அந்நாடு ஸபா. இன்றைய யமன் தேசத்தில், மலைகள் முடிந்து மணற்பரப்பு தொடங்கும் விளிம்பில், மாரிப் நகரைத் தலைநகராகக் கொண்டு அது விளங்கியது. நபி ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் அரசி ஆண்ட நாடும் அதுவே. அம்மக்களுக்கு வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு தோட்டங்கள் இருந்ததையும், அவர்கள் நன்றி மறந்ததையும், அணையின் வெள்ளம் அவர்கள் மீது அனுப்பப்பட்டதையும், தோட்டங்கள் இருந்த இடத்தில் கசப்புக் கனி மரங்களும் வேறு சில மரங்களும் மட்டுமே மிஞ்சியதையும் அந்த அத்தியாயம் சில வசனங்களில் எடுத்துரைக்கிறது.

ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்ட வரலாறுதான் இது. கேட்கும்போது நம் மனக்கண்ணில் தோன்றுவது பெரும்பாலும் ஓர் இரவு, ஒரு வெள்ளம், ஓர் அழிவு. ஆனால் அந்த நிலம் எவ்வாறு தோட்டமாயிற்று, யார் அதைத் தோட்டமாக்கினர், எத்தனை தலைமுறைகள் அதைக் காத்தனர், பின்னர் ஏன் காக்க இயலாமற் போயிற்று என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. மாரிபின் மண்ணே இவ்வினாக்களுக்கு விடை சொல்லும் நிலையில் இன்றும் இருக்கிறது. அந்த மண்ணைப் படித்தபின் மீண்டும் அந்த வசனங்களுக்குத் திரும்பினால், நன்றி என்ற சொல்லின் பொருள் நமக்கு இன்னும் ஆழமாக விளங்கும்.

வறண்டு போன தீபகற்பம்

அரபுத் தீபகற்பம் என்றும் பாலைவனமாகவே இருந்ததில்லை. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6,000 ஆண்டுகளுக்கு முன்வரை, இந்தியப் பெருங்கடலின் பருவமழை இன்று எட்டாத வடபகுதிகள் வரை எட்டியது. இன்று 'காலியான கால்பங்கு' என்ற பொருளில் அர்-ருப்உல் காலி என்று அழைக்கப்படும் மணற்கடலின் பள்ளங்களில் அன்று ஏரிகள் இருந்தன. அவற்றின் படிவுகளும், அவற்றின் ஓரங்களில் வாழ்ந்தோர் விட்டுச்சென்ற கற்கருவிகளும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்துள்ளன. பின்னர் மழை மண்டலம் சிறிது சிறிதாகத் தெற்கே பின்வாங்கியது. ஏரிகள் வற்றின. புல்வெளிகள் மணலாயின.

மழை பின்வாங்கிய போதும் யமனின் மேற்கு மலைத்தொடர் அதை முழுவதும் இழந்துவிடவில்லை. ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்தில் ஒருமுறையும் கோடையின் பிற்பகுதியில் ஒருமுறையும், அம்மலைகளில் மழை பெய்கிறது. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை ஓடைகளாக இணைந்து, வாதி அதனா என்னும் பள்ளத்தாக்கில் ஒன்றுகூடி, பலக் மலைகளுக்கு இடையிலுள்ள குறுகிய வாயில் வழியாகக் கிழக்கே பாய்கிறது. அரபியர் அதனை ஸைல் என்பர். ஆற்றைப் போல் ஆண்டு முழுவதும் ஓடும் நீர் அன்று அது. திடீரென்று வரும், சேறும் கற்களும் சுமந்து முழங்கும், சிறிது காலத்தில் அடங்கிவிடும். தடுப்பார் இல்லையெனில் அந்நீர் முழுவதையும் அப்பாலுள்ள மணல் குடித்துவிடும்.

அந்த வாயிலுக்கு முன்னால்தான் மனிதர்கள் தங்கள் வாழ்வை அமைத்துக்கொண்டனர். மழை குறைந்த உலகில், வேறோரிடத்தில் பெய்த மழையைத் தம் வயலுக்கு அழைத்துவரும் கலையை அவர்கள் கற்றனர்.

மனிதன் வரவழைத்த மண்

மாரிபின் வயல்களைத் தோண்டிய ஆய்வாளர்களை வியக்க வைத்தது அவ்வயல்களின் ஆழம். ஸைல் வெள்ளம் நீரை மட்டும் கொண்டுவரவில்லை. மலையின் நுண்மண்ணையும் கரைத்துக்கொண்டு வந்தது. வயலில் நீர் நின்று வற்றியபோது அம்மண் வண்டலாகப் படிந்தது. ஓர் ஆண்டில் படிந்தது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒரு விரலின் கனம்கூட அதற்கு இல்லை. ஆயினும் சில இடங்களில் அந்த வண்டல் 30 மீட்டர் வரை உயர்ந்து கிடக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளின் உழைப்பு அதில் அடுக்கடுக்காக உறங்குகிறது. இந்த அடுக்குகளைக் கொண்டே, மாரிபின் பாசனம் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலேயே தொடங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். அதாவது, புகழ்பெற்ற பேரணை எழுவதற்கு ஈராயிரம் ஆண்டுகள் முன்பே சிறு தடுப்புகளாலும் வாய்க்கால்களாலும் அம்மக்கள் வெள்ளத்தை வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தனர்.

இயற்கை அங்கே வைத்திருந்தது சரளையும் மணலுமே. அதன்மீது விளைநிலத்தை வருவித்தது மனிதரின் கை. மலையில் பெய்யும் மழையும், அது கரைத்துத் தரும் மண்ணும் அல்லாஹ்வின் அருட்கொடை. அதை எதிர்கொண்டு வரவேற்று, உரிய இடத்தில் நிறுத்தியது அடியார்களின் உழைப்பு. இரண்டும் சேர்ந்தபோதுதான் அது தோட்டமாயிற்று.

பேரணை

கி.மு. ஆறாம் நூற்றாண்டளவில் ஸபா அரசர்கள் பலக் மலைகளுக்கு இடையிலான அந்த வாயிலையே மறித்து அணை கட்டினர். அதைக் கட்டியோரின் பெயர்கள் மதகின் அருகே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. மண்ணால் எழுப்பிக் கற்களால் போர்த்தப்பட்ட அக்கரை சுமார் 600 மீட்டர் நீளமுடையது. பல முறை உயர்த்தப்பட்டு, இறுதியில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தை அது அடைந்தது. இரு முனைகளிலும், மலைப்பாறையோடு பிணைத்து, செதுக்கிய பெருங்கற்களால் இரண்டு மதகுகள் கட்டப்பட்டன. கரை அழிந்த பின்னரும் அம்மதகுகளின் கற்சுவர்கள் எழுந்து நிற்கின்றன.

இந்த அணையின் நோக்கத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரியைப் போல் ஆண்டு முழுவதற்கும் நீரைத் தேக்கி வைப்பதற்காக அது கட்டப்படவில்லை. பாய்ந்து வரும் வெள்ளத்தின் மட்டத்தை உயர்த்தி, அதன் வேகத்தைத் தணித்து, இரு பக்க மதகுகள் வழியாக வயல்களுக்குப் பிரித்து அனுப்புவதே அதன் பணி. வடக்கு மதகின் நீர் ஒரு பக்கத் தோட்டத்திற்கும், தெற்கு மதகின் நீர் மறுபக்கத் தோட்டத்திற்கும் சென்றது. பண்டைய கல்வெட்டுகள் வடபுற நிலத்தை அப்யன் என்றும் தென்புற நிலத்தை யஸ்ரான் என்றும் குறிக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9,600 ஹெக்டேர் பாசனம் பெற்றன. திருக்குர்ஆன் வலம் என்றும் இடம் என்றும் சுட்டும் இரு தோட்டங்களின் அமைப்பை, ஆற்றின் இருமருங்கிலும் இன்றும் நிலவரைபடத்தில் கண்டுகொள்ளலாம்.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிப்போம். வெள்ளத்தைக் குறிக்குமிடத்தில் திருக்குர்ஆன் 'அரிம்' என்னும் சொல்லை ஆள்கிறது. தப்ரீ, இப்னு கஸீர் முதலிய விரிவுரையாளர்கள் இதற்குப் பல கருத்துகளை எடுத்து வைத்துள்ளனர். அணை என்றோரும், பள்ளத்தாக்கின் பெயர் என்றோரும், கடும் வெள்ளம் என்றோரும் உண்டு. பிற்காலத்தில் ஸபாவின் கல்வெட்டுகள் படிக்கப்பட்டபோது, அந்நாட்டு மொழியில் அச்சொல் அணையையே குறித்தது என்பது தெளிவாயிற்று. அந்த மக்கள் தம் அணைக்கு வழங்கிய சொல்லாலேயே அவர்களின் வரலாறு நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

அருட்கொடையே சுமையானபோது

இப்போது நாம் அந்த ஒரு சென்டிமீட்டருக்குத் திரும்புவோம்.

வயலில் ஆண்டுதோறும் படிந்த வண்டல் நிலத்தை வளமாக்கியது. அதே வேளையில் நிலத்தின் மட்டத்தையும் உயர்த்தியது. நூறு ஆண்டுகளில் வயல் ஒரு மீட்டர் உயர்ந்துவிடும். நீர் மேட்டை நோக்கி ஓடாது. எனவே வாய்க்காலை உயர்த்த வேண்டும். வாய்க்காலை உயர்த்தினால் மதகை உயர்த்த வேண்டும். மதகை உயர்த்தினால் கரையை உயர்த்த வேண்டும். கரை உயர உயர, அதன்மீது மோதும் வெள்ளத்தின் அழுத்தமும் பெருகும். கரைக்குப் பின்னாலும் வண்டல் சேரும். அதைத் தூர் வார வேண்டும். மண்கரையின் தலைக்கு மேல் ஒருமுறை வெள்ளம் வழிந்துவிட்டால், அது அரித்துக்கொண்டே சென்று கரையைப் பிளந்துவிடும்.

ஆகவே தந்தை கட்டிய அணையை மகன் அப்படியே விட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் கட்டியாக வேண்டும். எந்த மண் அவர்களுக்குச் சோறிட்டதோ அதே மண் அவர்களிடம் ஓயாத உழைப்பைக் கேட்டது. அந்த உழைப்பும் தனிமனிதனால் ஆகக் கூடியதன்று. மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும், ஒரு கோத்திரத்தாரும் மறு கோத்திரத்தாரும் ஒன்றுகூடி நின்றால்தான் கரை நிற்கும்.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில், யமனை ஆண்ட ஹிம்யர் மன்னர் ஷுரஹ்பீல் யஃபுர் அணையைச் செப்பனிட்டதை ஒரு நீண்ட கல்வெட்டு பதிவு செய்துள்ளது. அடுத்த நூற்றாண்டின் கல்வெட்டில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு பெயர் வருகிறது: அப்ரஹா. யானைப் படையுடன் கஅபாவை நோக்கி வந்தவன் என்று நாம் அறிந்திருக்கும் அந்த ஆட்சியாளன்தான் கி.பி. 548இல் இந்த அணையைப் பழுதுபார்த்தவன். உள்நாட்டுக் கலகம் ஒன்றை அடக்கும் வேளையில் அணை உடைந்த செய்தி வந்ததையும், கோத்திரங்களை வேலைக்கு அழைத்ததையும், இடையில் கொள்ளைநோய் பரவியதால் மக்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததையும், பின்னர் மீண்டும் கூட்டி வேலையை முடித்ததையும் அவன் கல்லில் எழுதி வைத்தான். உரோமப் பேரரசு, பாரசீகம், அபிசீனியா ஆகியவற்றின் தூதர்கள் அவனிடம் வந்ததும் அதே கல்வெட்டில் உள்ளது. இத்தகைய தூதர்கள் வருமளவுக்கு அன்றும் மாரிப் முக்கியமான இடமாகவே இருந்தது.

அதற்குப் பின் நெடுங்காலம் செல்லவில்லை. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அணை இறுதியாக உடைந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த காலத்தை ஒட்டிய நிகழ்வு அது. அதன்பின் எவரும் அதைக் கட்டவில்லை. இந்த உடைப்புகளில் திருக்குர்ஆன் சுட்டுவது எதை? ஆண்டு எதையும் அது குறிப்பிடவில்லை. ஆண்டைவிடப் படிப்பினையே அங்கு முதன்மை பெறுகிறது.

எலியும் ஏனைய காரணங்களும்

அணையை ஓர் எலி அரித்து உடைத்தது என்னும் செய்தி விரிவுரை நூல்களில் பரவலாக வருகிறது. திருக்குர்ஆனில் எலி பற்றிய பேச்சே இல்லை. எனினும் அச்செய்தியை நகைத்து ஒதுக்க வேண்டியதில்லை. மண்கரைகளில் விலங்குகள் வளை தோண்டுவதும், அவ்வளைகளின் வழியே நீர் கசிந்து உள்மண்ணை அரித்துக் கரையைக் குடைந்துவிடுவதும் இன்றைய பொறியாளர்களும் அஞ்சும் ஆபத்துகளே. நாள்தோறும் மனிதர் நடந்து பார்க்கும் கரையில் எலியின் வளை நிலைக்காது. யாரும் நடந்து பார்க்காத கரையில்தான் சிறு வளை பெரும் பிளவாகும். எலி இருந்ததோ இல்லையோ, எலிக்கு இடம்கொடுத்த அலட்சியம் இருந்திருக்க வேண்டும்.

அந்த அலட்சியத்திற்கான பின்னணியை வரலாறு காட்டுகிறது. ஸபாவின் செல்வத்தில் பெரும்பங்கு சாம்பிராணி வணிகத்தால் வந்தது. தென் அரேபியாவின் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஒட்டகங்களின் மீதேறி, மாரிப், நஜ்ரான் வழியாக வடக்கே ஷாம் வரை சென்றன. வழிநெடுக ஒன்றுக்கொன்று தெரியும் தொலைவில் ஊர்கள் இருந்ததையும், அச்சமின்றிப் பயணம் நடந்ததையும், அம்மக்களோ தம் பயணங்களின் தொலைவு நீளட்டும் என்று வேண்டியதையும் அதே அத்தியாயம் குறிப்பிடுகிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி நூற்றாண்டிலிருந்து, பருவக்காற்றைப் பயன்படுத்தி எகிப்திலிருந்து செங்கடல் வழியாக இந்தியா வரை நேரே செல்லும் கப்பல்கள் பெருகின. வணிகம் படிப்படியாகக் கடலுக்கு மாறியது. பாலை வழியின் ஊர்கள் மெலிந்தன. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஸபா தன் ஆட்சியை ஹிம்யரிடம் இழந்தது. அதிகாரம் தெற்கே மலைமேல் இருந்த ளஃபார் நகருக்குச் சென்றது. அணைக்கு அருகில் அரசன் இல்லாமற் போனான்.

வானமும் மாறியது. ஓமானின் ஹூத்தி குகையில் சுண்ணாம்புப் படிவாக வளர்ந்த ஒரு கல்லின் அடுக்குகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் அரேபியாவைக் கடும் வறட்சி தாக்கியதாக 2022இல் வெளியான ஆய்வில் கூறினர். மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் வரியும் ஆட்களும் குறைவர். ஆட்கள் குறைந்தால் கரை கவனிப்பாரற்றுப் போகும். பின்னர் ஒருநாள் பெருமழை பெய்யும்போது அது தளர்ந்த கரையின் மீதுதான் வந்து மோதும்.

இவற்றைச் சொல்வதால் இறைவனின் நாட்டத்தை நாம் மறுப்பதாகாது. காரணங்களைப் படைத்தவனும் அவனே. அவன் தன் தண்டனையைக் காரணங்களின் வழியே நடத்துகிறான் என்பதே நம் நம்பிக்கை. எச்சரிக்கை ஒரே இரவில் வரவில்லை. ஒவ்வோர் உடைப்பிலும் வந்தது. ஒவ்வொரு பழுதிலும் அவகாசம் தரப்பட்டது.

மிஞ்சிய மரங்கள்

தோட்டம் அழிந்தபின் அங்கே எஞ்சியவையாகத் திருக்குர்ஆன் கூறுபவை மூன்று: கசப்புக் கனி தரும் மரம், அத்ல், சிறிதளவு இலந்தை. அத்ல் என்பது சவுக்கைப் போன்ற மெல்லிய இலைகளைக் கொண்ட பாலை மரம். அதன் வேர் மிக ஆழம் செல்லும். உவர் நிலத்தில் நின்று, உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும். இலந்தையும் வறட்சி தாங்கும் மரமே. வாய்க்கால் நீர் நின்றுபோன நிலத்தில் எவை வாழ முடியுமோ அவையே அந்த வரிசையில் உள்ளன. மனிதன் கைவிட்ட நிலத்தைப் பாலை எவ்வாறு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சித்திரம் வேறு வேண்டுமோ?

மக்கள் சிதறினர். அரபு மொழியில் கூட்டம் ஒன்று கலைந்து போவதற்கு ஸபா மக்களின் சிதறலையே பழமொழியாகச் சொல்வர். யமனிலிருந்து வெளியேறிய அஸ்த் கோத்திரத்தின் கிளைகளாக ஷாமின் கஸ்ஸானியரையும், யத்ரிபின் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரங்களையும் வம்சாவளி நூல்கள் கூறுகின்றன. இப்பெயர்வுகள் ஒரே வெள்ளத்தால் ஒரே நாளில் நிகழ்ந்தவையாக இருக்க முடியாது, தலைமுறைகளாக நடந்தவை என்பர் வரலாற்றாய்வாளர்கள். எவ்வாறாயினும், பெருமானார் (ஸல்) அவர்களை வரவேற்று, தம் பேரீச்சந் தோப்புகளின் விளைச்சலை முஹாஜிர்களோடு பகிர்ந்துகொண்ட அன்ஸாரிகள், தம் வேரை அந்த யமன் மண்ணிலேயே கண்டனர்.

நன்றியின் பொருள்

அன்பிற்குரிய வாசகர்களே! அதே அத்தியாயத்தில் ஸபாவின் வரலாறு தொடங்குவதற்குச் சற்று முன்னால், நபி தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு கட்டளை வருகிறது. நன்றியைச் செயலாக ஆற்றுமாறு அவர்கள் பணிக்கப்படுகின்றனர். அங்கே நன்றி என்பது வாயால் கூறும் சொல்லோடு நிற்கவில்லை. கையால் செய்யும் பணியாகிறது. அதை அடுத்தே நன்றி மறந்த ஸபா மக்களின் வரலாறு வைக்கப்பட்டுள்ளது. மாரிபின் வண்டலைப் பார்த்த கண்ணோடு இந்த அடுக்கைப் பார்த்தால், தோட்டத்திற்கு நன்றி செலுத்துவது என்பது அதன் கரையைக் காப்பதும் அதில் அடங்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் சட்ட மேதைகள் இதனை நன்கறிந்திருந்தனர். வக்ஃபு சொத்தின் வருமானம் முதலில் அச்சொத்தின் பராமரிப்புக்கே செலவிடப்பட வேண்டும். வக்ஃபு செய்தவர் அப்படி நிபந்தனை விதிக்காவிட்டாலும் அதுவே முறை என்பது ஹனஃபி சட்ட நூல்களின் தீர்ப்பு. பலனை உண்பதற்கு முன் மூலத்தைக் காக்க வேண்டும் என்னும் அறிவு அது. பள்ளிவாசலின் ஒழுகும் கூரை, மதரஸாவின் விரிசல் விட்ட சுவர், முன்னோர் விட்டுச்சென்ற கிணறு ஆகிய யாவும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கவனத்தையே நம்மிடம் கேட்கின்றன. கேட்கும்போது கொடுக்காவிட்டால், பின்னர் கேட்பது முழுத்தொகையாக இருக்கும்.

1986இல், பழைய அணைக்குச் சில கிலோமீட்டர் மேலே, ஐக்கிய அரபு அமீரகத்தின் அன்றைய அதிபர் ஷைக் ஸாயித் அவர்களின் நிதியுதவியுடன் புதிய அணை எழுந்தது. பழைய மதகுகளில் ஒன்று 2015ஆம் ஆண்டின் போரில் குண்டுவீச்சால் சேதமுற்றது. 2023இல் ஸபா அரசின் சின்னங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது; அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் உடனே சேர்த்தது. வெள்ளம் விட்டுவைத்த கற்களை இன்று மனிதனின் பகை தொடுகிறது. கோத்திரங்கள் ஒன்றுகூடினால்தான் கரை நிற்கும் என்னும் பழைய பாடம் அந்நிலத்தில் இன்னும் முடிந்தபாடில்லை.

யா அல்லாஹ்! நீ வழங்கிய அருட்கொடைகளை அறிந்து, அவற்றைப் பேணிக் காத்து, நமக்குப் பின் வருவோரிடம் பழுதின்றி ஒப்படைக்கும் நன்றியுள்ள அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! யமன் மக்களுக்கு அமைதியை அருள்வாயாக! ஆமீன்.